கூமுட்டையும் சேவலின் விந்தணு நொதியும்

அடை வைத்த 12 முட்டைகளில் 7 குஞ்சு பொரித்து 5 கூமுட்டையாகிவிட்டால், முதலில் பழி விழுவது சேவலின் மீதுதான். அடுத்த சந்தைக்கே அது போய்விடும். அல்லது அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிடும். பெரிய குஞ்சு பொரிப்பகங்களிலும் நடப்பது ஏறத்தாழ இதுதான். ஏழாம் நாள் முட்டைகளை விளக்கொளியில் பார்க்கிறார்கள். உள்ளே இரத்த நாளங்கள் தெரியாத முட்டைகளைத் தனியே எடுத்து, 'கருக்கூடாதவை' என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு எப்போதும் சரியாக இருப்பதில்லை. கருக்கூடாத முட்டையும், கருக்கூடி முதல் இரண்டொரு நாளிலேயே கரு இறந்துபோன முட்டையும் விளக்கொளியில் ஒன்றுபோலவே தெரியும். முன்னதற்குக் காரணத்தைச் சேவலிடமும் இனச்சேர்க்கையிலும் தேட வேண்டும். பின்னதற்குக் காரணம் முட்டையைச் சேமித்த அறையின் வெப்பத்திலோ, முட்டையின் வயதிலோ இருக்கலாம். நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்று ஆகிவிட்டால் நல்ல சேவல் போகும்; கூமுட்டை மட்டும் நிற்காது.

இரண்டையும் பிரித்தறியும் தடயம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் விந்தணுக்கள் போட்ட நுண்ணிய ஓட்டைகளே அந்தத் தடயம். அந்த ஓட்டையைப் போடுவது விந்தணுவின் தலையிலுள்ள அக்ரோசின் என்னும் நொதி. என்சைம் என்று பாடப் புத்தகங்களில் படிப்பது இதையே. இன்று பறவைகளின் அக்ரோசினை பாக்டீரியாவில் செய்து, சிறு குப்பிகளில் அடைத்து, ஆய்வுக்கூடங்களுக்கு விற்கிறார்கள். இந்த நொதி என்ன வேலை செய்கிறது, குப்பியில் வருவது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைக் கோழி வளர்ப்போர் அறிந்திருப்பது நல்லது.

விந்தணு காத்திருக்கும் இடம்

சேவலின் விந்து அளவில் குறைவு. பொதுவாக அரை மில்லிலிட்டர் தேறினால் அதிகம். ஆனால் கெட்டியானது. ஒரு மில்லிலிட்டரில் 300 கோடி முதல் 700 கோடி வரை விந்தணுக்கள் இருக்கும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெட்டையின் உடலில் நுழைந்தவுடனே வெளியே தள்ளப்படுகின்றன. நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே மேலே ஏறி, முட்டை ஓடு உருவாகும் பைக்குக் கீழேயுள்ள நுண்ணிய குழல்களில் தங்குகின்றன. இந்தச் சேமிப்புக் குழல்களின் பணியை 1964-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கமாக வெளியிட்டனர். கோழியில் விந்தணுக்கள் இவற்றுக்குள் இரண்டு மூன்று வாரங்கள் உயிரோடு இருக்கும். வான்கோழியில் பத்து வாரங்கள்வரை கூடத் தாங்கும்.

இந்தச் சேமிப்பு இல்லையென்றால் கோழி இனமே இருந்திருக்காது எனலாம். காரணம், கருக்கூடக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. ஒரு முட்டையை இட்டு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அடுத்த மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு, புனல்போல் விரிந்திருக்கும் முட்டைக் குழாயின் வாயில் விழுகிறது. அங்கே அது இருப்பது கால் மணி முதல் அரை மணி நேரம். அதற்குள் விந்தணு உள்ளே போயாக வேண்டும். புனலிலேயே மஞ்சள் கருவின்மேல் இரண்டாவது சவ்வு ஒன்று படியத் தொடங்கிவிடும். அதன்பின் வெள்ளைக் கரு வந்து மூடிக்கொள்ளும். பிறகு எந்த விந்தணுவாலும் உள்ளே நுழைய இயலாது. ஆகவே சேவல் அன்று மிதித்ததா என்பது முக்கியமல்ல. சேமிப்புக் குழல்களில் நல்ல விந்தணு இருப்பு உள்ளதா என்பதே கேள்வி.

சவ்வைக் கரைக்கும் நொதி

முட்டையை உடைத்து மஞ்சள் கருவைத் தட்டில் விட்டால் அது சிதறாமல் உருண்டையாக நிற்பதைப் பார்க்கலாம். அதைப் பிடித்து வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சவ்வு. இட்ட முட்டையில் அது இரண்டு அடுக்காக இருக்கும். உள் அடுக்கு சினைப்பையிலேயே உருவானது. வெளி அடுக்கு புனலில் படிந்தது. உள் அடுக்கு, பின்னிய வலைபோன்ற புரத இழைகளால் ஆனது. அந்த இழைகளின் முக்கியப் புரதங்கள் இரண்டு. ஒன்றைக் கோழியின் கல்லீரல் செய்து இரத்தத்தின் வழியே அனுப்புகிறது. மற்றொன்றை மஞ்சள் கருவைச் சூழ்ந்த செல்களே செய்துகொள்கின்றன.

பறவையின் விந்தணு நூல்போல் நீண்டு மெலிந்தது. தலையின் நுனியில் தொப்பி கவிழ்த்ததுபோல் ஒரு சிறு பை உண்டு. அக்ரோசின் அதற்குள்தான் இருக்கிறது. அதுவும் வேலை செய்யும் நிலையில் இல்லை. உறைக்குள் இட்ட கத்திபோல, செயலற்ற முன்வடிவில் இருக்கிறது. உள் சவ்வைத் தொட்டதும் அந்தச் சவ்விலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் விந்தணுவுக்கு அடையாளம் காட்டுகின்றன. உடனே பை திறக்கிறது. நொதி செயல்நிலைக்கு மாறுகிறது. சவ்வின் இழைகளை வெட்டிக் கரைக்கிறது. விழும் ஓட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. அதன் வழியே விந்தணு உள்ளே நுழைகிறது. சேவலின் அக்ரோசின் முட்டையின் இந்தச் சவ்வை உண்மையிலேயே கரைக்கிறது என்பதை 1975-ல் ஹோ, மைசல் என்னும் இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அக்ரோசின், குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. தீவனம் கலப்போருக்கு டிரிப்சின் என்ற பெயர் புதிதல்ல. பச்சை சோயா மொச்சையைத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது, வறுத்தோ வேகவைத்தோ சேர்க்க வேண்டும் என்று சொல்வது, அதிலுள்ள டிரிப்சின் தடுப்பானை அழிப்பதற்காகத்தான். அதே சோயா தடுப்பானை ஆய்வுக்கூடத்தில் அக்ரோசினுடன் சேர்த்தால் அதன் வெட்டும் வேலையும் நின்றுவிடும். இதைப் படித்துவிட்டு சோயாப் பிண்ணாக்கு சேவலை மலடாக்கும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. தீவனத்தில் தின்ற தடுப்பான் குடலோடு நிற்பது. விந்தணுவின் தலை வரை அது போவதில்லை.

இயற்கையும் தன் பங்குக்குத் தடுப்பான் வைத்திருக்கிறது. சேவலின் விந்து நீரிலேயே இத்தகைய நொதிகளை அடக்கும் புரதங்கள் உள்ளன. வழியில் செத்த விந்தணுக்களிலிருந்து கசியும் நொதி பெட்டையின் உறுப்புகளையோ மற்ற விந்தணுக்களையோ அரித்துவிடாமல் இவை காக்கின்றன. மேலை நாடுகளின் பெரிய பண்ணைகளில் மார்பு அகன்ற வான்கோழிகளால் இயல்பாக இணைசேர இயலாததால் செயற்கை முறையில்தான் கருவூட்டுகிறார்கள். அதனால் வான்கோழி விந்தின் நொதியும் அதன் தடுப்பான்களும் கோழியினுடையதைவிடக் கூடுதலாகவே ஆராயப்பட்டுள்ளன. போலந்து நாட்டின் ஒல்ஷ்டின் நகர ஆய்வாளர்கள் இதில் நெடுங்காலம் உழைத்தவர்கள்.

ஓட்டையை எண்ணும் சோதனை

மஞ்சள் கருவின் மேற்புறத்தில் வெளிறிய சிறு பொட்டு ஒன்று தெரியும். குஞ்சாக வளரவேண்டிய பகுதி அதுதான், கருத்தட்டு என்பர். சவ்வில் விழும் ஓட்டைகள் எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. இந்தப் பொட்டுக்கு நேர்மேலேதான் மிக நெருக்கமாக இருக்கும். விந்தணுக்கள் எங்கே நுழைய வேண்டுமோ அங்கேயே கூடுகின்றன.

சோதனை செய்வோர் பொட்டுக்கு மேலுள்ள சவ்வைச் சிறு துண்டாக வெட்டி எடுத்து, உப்பு நீரில் அலசி மஞ்சள் கருவைப் போக்கி, கண்ணாடித் தகட்டில் விரித்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். சாயம் பிடித்த பரப்பில் ஓட்டைகள் வெளிறிய வட்டங்களாகத் தெரியும். சில முட்டைகளில் ஒன்றிரண்டே இருக்கும். சிலவற்றில் நூற்றுக்கு மேலும் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. உள்ளே நுழைய முடியாமல் போன விந்தணுக்கள் வெளி அடுக்கில், சேற்றில் புதைந்த நெல்லைப்போல் சிக்கிக் கிடக்கும். ஒளிரும் சாயம் இட்டால் அவற்றின் தலைகள் நீல நிறத்தில் மின்னும், அவற்றையும் எண்ணலாம்.

கோழி இட்ட முட்டையே சாட்சி என்பது இந்தச் சோதனையின் சிறப்பு. கோழியை அறுக்க வேண்டியதில்லை. சேவலைப் பிடித்து விந்து எடுக்க வேண்டியதில்லை. ஓட்டையே இல்லையென்றால் விந்தணு வந்து சேரவில்லை என்று பொருள். நிறைய ஓட்டைகள் இருந்தும் குஞ்சு இல்லையென்றால், சேவலை விட்டுவிட்டு வேறிடத்தில் காரணம் தேட வேண்டும்.

ஒரு விந்தணு போதாது

ஓட்டை ஒன்றிரண்டே இருந்தால்? ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதுமே, மற்றவை எதற்கு என்று கேட்கலாம். மாடு, ஆடு, மனிதன் ஆகியவற்றில் அதுதான் விதி. இரண்டாவது விந்தணு நுழைந்தால் கரு கெட்டுவிடும். பறவைகள் வேறு வழி. கோழியின் கருத்தட்டுக்குள் பல விந்தணுக்கள் நுழைகின்றன. அவற்றில் ஒன்றுதான் பெண்ணின் உட்கருவோடு கூடுகிறது. மற்றவை ஓரமாக ஒதுங்கி அழிந்துபோகின்றன. வெறும் உபரி என்றுதான் நெடுங்காலம் அவற்றை எண்ணியிருந்தார்கள்.

ஜப்பானில் காடையை வைத்து நடந்த ஆராய்ச்சி இந்த எண்ணத்தை மாற்றியது. காடையின் கருமுட்டைக்குள் நுண்ணிய ஊசியால் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்திப் பார்த்தார்கள்; கரு வளரவில்லை. விந்தணுக்களிலிருந்து பிழிந்தெடுத்த சாற்றையும் சேர்த்துச் செலுத்தியபோது வளர்ந்தது. அந்தச் சாற்றில் வேலை செய்தவை மூன்று நொதிகள். ஒன்று பி.எல்.சி. ஜீட்டா, 2002-ல் எலியின் விந்தணுவில் முதலில் கண்டறியப்பட்டது. மற்ற இரண்டும் சாதாரணமாக உயிரணுக்களில் சக்தி உண்டாக்கும் வேலைக்கு உரியவை: சிட்ரேட் சிந்தேஸ், அகோனிடேட் ஹைட்ரடேஸ். முதல் நொதி முட்டைக்குள் கால்சியத்தை ஒரு முறை பொங்கச் செய்கிறது. மற்ற இரண்டும் அந்தப் பொங்கலை அலை அலையாக நீண்ட நேரம் தொடரச் செய்கின்றன. இரண்டும் நடந்தால்தான் உறங்கும் கருமுட்டை விழித்து வளரத் தொடங்குகிறது. இம்முறையில் காடைக் குஞ்சுகள் பொரித்த செய்தி 2014-ல் வெளியாயிற்று.

பறவையின் மஞ்சள் கரு மிகப் பெரியது. அதை எழுப்ப ஒரு விந்தணு கொண்டுவரும் நொதி போதவில்லை. பல விந்தணுக்கள் சேர்ந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டே, 2015-ல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுபக்கத்திலிருந்து இதே முடிவுக்கு வந்தார்கள். மிகச் சில விந்தணுக்களே நுழைந்த முட்டைகளில் கரு உண்டானாலும் தொடக்க நிலையைத் தாண்டிப் பிழைப்பது அரிது என்று அவர்கள் கண்டார்கள்.

பண்ணையாளர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. சேவல் அடியோடு மலடாக இருந்தால் எல்லா முட்டையும் கருக்கூடாது, எளிதில் தெரிந்துவிடும். பாதித் திறன் குறைந்த சேவல்தான் ஏமாற்றும். முட்டை கருக்கூடியிருக்கும், ஆனால் முதல் நாளிலேயே கரு நின்றுவிடும். அதைப் பார்ப்பவர் இன்குபேட்டரைக் குறை சொல்வார். மாறாக, கோடையில் சூட்டறையில் கிடந்து கெட்ட முட்டைக்குச் சேவல் பழி சுமக்கும். ஓட்டைகளின் எண்ணிக்கை இந்த இரண்டு தவறுகளையும் திருத்த உதவுகிறது.

பாக்டீரியா செய்யும் பறவை நொதி

இப்போது குப்பிக்கு வருவோம். விந்திலிருந்து நேரடியாக அக்ரோசினைப் பிரித்தெடுப்பது எளிதல்ல. 1980-களின் கடைசியில் வான்கோழியிலும், அதையடுத்துக் கோழியிலும் அதைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். ஆனால் நிறைய விந்து வேண்டும். எடுக்கும்போதே நொதி தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தரம் மாறும். இதற்கு மாற்றுதான் மரபணு இணைப்பு முறை.

முறை புதிதல்ல. நீரிழிவு நோயாளிகளுக்கான மனித இன்சுலினை பாக்டீரியாவில் செய்து விற்க 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாலாடைக்கட்டி செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துவந்த கைமோசின் நொதியையும் 1990 முதல் இவ்வாறே நுண்ணுயிர்களில் செய்கிறார்கள். பறவை நொதியும் அதே வழிதான். அக்ரோசினைச் செய்யும் கட்டளை அடங்கிய மரபணுவை எடுத்து, வளையம்போன்ற சிறு டி.என்.ஏ.யில் பொருத்தி, ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். பாக்டீரியா பெருகப் பெருகப் புரதமும் பெருகும். சுத்தம் செய்ய வசதியாக அந்தப் புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை ஆறுமுறை தொடராகச் சேர்த்துவிடுவது வழக்கம். மாட்டுக்குக் காது வளையம் மாட்டுவதுபோல இது ஓர் அடையாளம். நிக்கல் கலந்த வடிகட்டியில் ஊற்றினால் அடையாளம் உள்ள புரதம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். கடைசியில் கிடைப்பதை உறைகுளிரில் வைத்து, மைக்ரோகிராம் கணக்கில் விற்கிறார்கள்.

ஆனால் பாக்டீரியா பறவையல்ல. பறவையின் செல் தன் புரதத்தைச் சரியாக மடித்து, வேண்டிய இடத்தில் சர்க்கரைச் சங்கிலி பொருத்தி அனுப்பும். சாதாரண ஈ.கோலை சர்க்கரை பொருத்துவதில்லை. மடிப்பும் பலமுறை தவறி, புரதம் கரையாத கட்டிகளாகத் திரண்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, முழு நொதியைச் செய்யாமல் அதன் ஒரு துண்டை மட்டும் செய்து விற்பதும் உண்டு. அத்தகைய குப்பியின் மேல் அக்ரோசின் என்று எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது எதையும் வெட்டாமல் இருக்கலாம். அரிவாளின் பிடி மட்டும் இருந்து அலகு இல்லாததுபோலத்தான். வெட்டும் திறன் வேண்டுமென்றால் ஈஸ்ட், பூச்சி செல், பாலூட்டி செல் போன்றவற்றில் செய்ததைத் தேட வேண்டியிருக்கும். அதையும் சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும்.

வெட்டாத நொதியால் என்ன பயன்? பயன் உண்டு. அதை முயலுக்கு ஊசி போட்டால் முயலின் இரத்தத்தில் அந்த நொதியை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் உண்டாகும். அந்த எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து விந்தணுக்களின்மேல் இட்டால், தலையின் தொப்பி முழுதாக உள்ளதா, உடைந்து நொதி கொட்டிவிட்டதா என்று தெரியும்.

இது சிறிய விஷயமல்ல. கிளிசரின் சேர்த்தால் விந்தை உறையவைத்தும் உயிரோடு காக்கலாம் என்ற கண்டுபிடிப்பு 1949-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அது சேவலின் விந்தில்தான் முதலில் தெரிந்தது என்பதைப் பலர் அறியார். பலன் முழுவதும் மாட்டுக்குப் போயிற்று. இன்று கிராமம்தோறும் நடக்கும் செயற்கைக் கருவூட்டலுக்கு அதுவே அடிப்படை. சேவலுக்கு மட்டும் அது சரியாகக் கைகொடுக்கவில்லை. கிளிசரின் பெட்டையின் உடலுக்குள் போனால் கருக்கூடுவதைத் தடுக்கிறது; அதை முன்கூட்டியே நீக்க வேண்டும். மேலும், உறைந்து உருகிய விந்தணு வாலை ஆட்டி நீந்தும்; தலையின் தொப்பியோ உடைந்திருக்கும். நீந்துவதைப் பார்த்து நல்ல விந்து என்று முடிவு செய்தால் முட்டை கருக்கூடாது. அசில், கடக்நாத் போன்ற நாட்டு இனங்களின் விந்தை நெடுங்காலம் சேமித்து வைக்க வேண்டுமானால், இந்தத் தொப்பியைக் காக்கும் வழி தேவை.

சரியாக மடிந்த, வெட்டும் திறனுள்ள நொதி கிடைத்தால் இன்னும் பல கேள்விகளுக்கு விடை தேடலாம். சவ்வின் இரு புரதங்களில் எதை அது முதலில் வெட்டுகிறது? விந்து நீரின் தடுப்பான் எவ்வளவு இருந்தால் அது நிற்கிறது? இட்ட முட்டையின் சவ்விலிருந்து உள் அடுக்கைத் தனியே பிரித்து, சோதனைக் குழாயிலேயே இவற்றைப் பார்க்க முடியும்.

ஒரு விலங்கில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது என்பதையும் இந்த நொதியே கற்பித்தது. அக்ரோசின் இல்லாதபடி மரபணு மாற்றிய ஆண் சுண்டெலிகள் குட்டி போட வைத்தன என்று 1994-ல் தெரிந்தபோது, இந்த நொதி தேவையே இல்லை என்று பலர் நினைத்தனர். 2020-ல் ஹாம்ஸ்டர் என்னும் எலி வகையில் அதே சோதனையைச் செய்தபோது, அதன் விந்தணுக்கள் முட்டையின் உறையைத் துளைக்க முடியாமல் நின்றன. நெருங்கிய உறவான இரண்டு பிராணிகளுக்கே இவ்வளவு வேற்றுமை என்றால், கோழியின் கேள்விக்குக் கோழியின் நொதியைத்தான் கேட்க வேண்டும். மாட்டு நொதியோ பன்றி நொதியோ அதற்கு ஈடாகாது.

இது மருந்தல்ல

ஆய்வுக்கூடக் குப்பிகளின்மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பது வெறும் சம்பிரதாயமல்ல. கருக்கூடும் விகிதத்தை உயர்த்தும் என்சைம் என்று சொல்லி எவரேனும் தீவனத்தில் கலக்கவோ ஊசி போடவோ ஏதாவது கொண்டுவந்தால் பண்ணையாளர் வாங்கக் கூடாது. விந்தணு நொதி ஒரு புரதம். தின்றால் மற்றப் புரதங்களைப்போலக் குடலில் செரித்துவிடும். பெட்டைக்கு ஊசி போட்டாலோ, முயலில் நடப்பதுபோல எதிர்ப்பொருள் உண்டாகி, விந்தணுவையே எதிரியாகக் கருதும் நிலை வரக்கூடும். நொதி வேலை செய்ய வேண்டிய இடம் விந்தணுவின் நுனி. அங்கே அதை வெளியிலிருந்து கொண்டுபோய் வைக்க வழியில்லை.

சேவல் நல்ல நொதியோடு நல்ல விந்தணுவைத் தர வேண்டுமானால் அதற்குப் பழைய வழிகள்தான். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு நாட்டுக்கோழிக்குப் பொருந்தும். கால் புண்பட்டதும் கொழுத்ததும் மிதிக்கத் தயங்கும். விந்து நன்றாயிருந்தும் பயனில்லை. கோடையில் கடும் வெப்பம் தாக்கினால் விந்தின் தரம் குறைந்து, மீண்டும் சீராகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே சித்திரை, வைகாசியில் கூமுட்டை கூடினால் அவசரப்பட்டுச் சேவலைத் தள்ளிவிடக் கூடாது. நிழலும் குளிர்ந்த நீரும் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வைக்கும் அடையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

சேவலை மாற்றுவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பெட்டையின் சேமிப்புக் குழலில் பழைய சேவலின் விந்தணு மூன்று வாரம்வரை இருக்கக்கூடும். கடைச் சேவலை விலக்கிப் பெருவிடைச் சேவலை விட்டவர், முதல் மூன்று வார முட்டைகளை இனத்துக்காக அடை வைத்தால் குஞ்சு எந்தச் சேவலுடையது என்று சொல்ல முடியாது. அந்த முட்டைகளைச் சமையலுக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

மைக்ராஸ்கோப் இல்லாமலும் ஓரளவு கண்டறியலாம். அடை வைக்காத புது முட்டைகள் பத்தை, ஒரே கூட்டத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டில் உடைத்து, மஞ்சள் கருவின் பொட்டை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கருக்கூடாத முட்டையில் பொட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், விளிம்பு ஒழுங்கற்று, திட்டாக வெளுத்திருக்கும். கருக்கூடியதில் அது நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்தில், நடுவில் தெளிந்து, சுற்றிலும் வளையம் கட்டியதுபோல் இருக்கும். கோழி இடும்போதே அந்தப் பொட்டில் பல்லாயிரக்கணக்கான செல்கள் உருவாகியிருப்பதுதான் காரணம். பத்தில் ஒன்பது வளையமாக இருந்தும் அடையில் பாதி பொரியவில்லையென்றால் சேவலைச் சந்தேகிக்க இடமில்லை. முட்டையை எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அடுப்பங்கரைப் பானையிலோ தகரக் கூரையின் கீழோ வைத்தவை கெடுவதில் வியப்பில்லை.

வளையம் தெரியாத முட்டைகளே மிகுந்திருந்து, சேவலும் பார்வைக்கு நன்றாக இருந்தால் அப்போது ஓட்டைச் சோதனை பயன்படும். இது ஊர்க் கால்நடை மருந்தகத்தில் நடப்பதல்ல, ஆய்வுக்கூட வேலை. கோழியின ஆராய்ச்சி நடக்கும் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம். அனுப்பும் முட்டை அடையில் வைக்காததாக இருக்க வேண்டும். அடைச்சூட்டில் சவ்வு நைந்துவிடும். குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். ஐஸ் பெட்டியில் உறையவிடக் கூடாது. உறைந்து உருகினால் மஞ்சள் கரு கெட்டிப்பட்டு, சவ்வைப் பிரித்தெடுக்க முடியாமல் போய்விடும். முட்டையின்மேல் இட்ட தேதியையும், எந்தக் கூட்டம், எந்தச் சேவல் என்பதையும் பென்சிலால் எழுதி அனுப்ப வேண்டும்.